மாஸ் காம் மிஸ்ஸுக்கு வராத ஒன்று

வாயை வைத்துப் பிழைக்கிறவள் என்று என் வீட்டுக்காரர் என்னைக் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். பினாங்கில் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கைப் பிரிவில் இருக்கிறேன். கல்விக் கண்காட்சிகளில் மேசை போட்டு உட்கார்ந்து, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளையும் பெற்றவர்களையும் “வாங்கண்ணே, வாங்கக்கா, உக்காருங்க, தண்ணி குடிங்க” என்று கூப்பிட்டு, ஏதாவது ஒரு படிப்பில் பிடித்துப் போடுவது என் வேலை. முழுப் பொய் சொல்ல மாட்டேன். இருப்பதைக் கொஞ்சம் ஊதிக் காட்டுவேன், அவ்வளவுதான். பக்கத்து மேசைக்காரன் பலூனாகவே ஊதிக் கட்டித் தொங்கவிடும்போது நான் மட்டும் அரிச்சந்திரன் வீட்டு மருமகளாக இருந்து என்ன செய்ய?

அப்படிப்பட்ட என் பக்கத்து நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள் அந்தப் புண்ணியவதியை.

எங்கள் துறை ஒன்றுக்குத் தொடர்பியலும் இதழியலும் என்று ஏட்டில் பெயர். வாயில் எல்லாருக்கும் மாஸ் காம்தான். அந்தத் துறைக்கு அவள்தான் தலைவி, பாதி வகுப்புகளுக்கு அவளேதான் ஆசிரியை. முன்னால் பத்திரிகையில் நிருபராக இருந்தவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள், அதனால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன். நாலு பேர் எதிரில் மிஸ், தனியாக இருக்கும்போது ‘ஏம்மா’. பெயரைப் போடமாட்டேன். சம்மதம் கேட்காமல் என் பெயரைப் போட்டது யார் என்று வந்து நிற்பாள். வந்து நின்றால் நல்லது, அதற்காகவாவது போடலாம். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. போன் நம்பர் மாறிவிட்டது. கெலுகோரில் அவள் இருந்த ஃபிளாட்டில் வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

முதல் கண்காட்சியிலேயே தெரிந்துபோயிற்று அவளுடைய வண்டவாளம். ஜார்ஜ்டவுனில் ஓர் ஓட்டல் மண்டபம். ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய பெண். எனக்கு வாயெல்லாம் பல். படிவத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

“எங்க பொண்ணு டிவில நியூஸ் வாசிப்பாளா?” என்று அந்த அம்மா கேட்டார்.

இதற்கு மலேசியாவில் எந்தச் சேர்க்கை அலுவலரும் சொல்லும் பதில் ஒன்றுதான். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

“அது எனக்குத் தெரியாதுங்கம்மா. தமிழ்ச் செய்தி வாசிக்கிறவங்களே கொஞ்சம் பேருதான். அதுல ஒருத்தங்க விட்டாத்தான் இன்னொருத்தங்களுக்கு எடம். எழுதக் கத்துக் குடுப்பேன், கேள்வி கேக்கக் கத்துக் குடுப்பேன். அது மட்டும் என்னால சொல்ல முடியும்.”

அந்த அம்மா பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். அடுத்த மேசை சமையல்கலைக் கல்லூரி. அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேக்கைத் தின்றுகொண்டே மகள் பெயரை அங்கே எழுதிக் கொடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“ஏம்மா, உனக்கு என்ன பைத்தியமா?”

“கேட்டாங்க, சொன்னேன்கா.”

“கேட்டா சொல்லிடறதா?”

“பின்ன?” என்றாள். நக்கல் எல்லாம் இல்லை. உண்மையாகவே வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் பல்கலைக்கழகம் என்றதும் மரமும் திடலுமாகப் பெரிய வளாகம் ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதெல்லாம் கெலுகோரில் இருக்கிற பெரிய யூனிக்கு. நாங்கள் நாலு மாடிக் கட்டடம், கீழே ஒரு டயர் கடை. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. எங்கள் விளம்பரத் தாளில் மாஸ் காம் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ படம் போட்டிருந்தது. பெரிய கேமராக்கள், வரிசையாக விளக்குகள். இன்டர்நெட்டிலிருந்து எடுத்த படம், எந்த நாட்டு ஸ்டூடியோவோ. எங்களிடம் இருந்ததோ பழைய சாமான் அறை. வெளிச்சத்தம் கேட்காமல் இருக்கப் பிள்ளைகள் பசாரில் முட்டை அட்டைகளை வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தார்கள். இவள் போய், நாங்கள் போஸ் என்று கூப்பிடும் முதலாளியிடம் நின்று, அந்தப் படத்தை எடுத்தால்தான் கண்காட்சிக்கு வருவேன் என்றாள். எடுத்தார்கள். அதோடு விட்டாளா? வருகிற பெற்றோரை எல்லாம் முதலில் அந்த முட்டை அட்டை அறைக்குத்தான் கூட்டிப்போவாள். “இதான் எங்க ஸ்டூடியோ. மொதல்ல இதப் பாத்துட்டுப் பேசுங்க” என்பாள். நான் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொள்வேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அறையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைச் சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற பாய் ஒருவர், மகனோடு வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம், “நாலு எடம் போயிட்டு வந்தேன், எல்லாவனும் தான்தான் நம்பர் ஒன்னுங்கறான். இந்தப் பொண்ணுதான் முட்டை அட்டையக் காட்டுச்சு. கையெழுத்து எங்க போடணும்?” என்றார். போஸிடம் போய் அதை என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டேன்.

வகுப்பிலும் அப்படித்தான். பிள்ளைகள் எழுதிக் கொடுப்பதைப் படித்துவிட்டு, “இது செய்தி இல்லப்பா, ஒன்னோட ஆசை” என்று திருப்பிக் கொடுப்பாள். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்திருந்தபோது, புதுச்சேலையைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. “கலரு ஒங்களுக்கு எடுக்கலக்கா. முறுக்கு நல்லா இருக்கு” என்றாள். என் வீட்டுக்காரர் புரையேறும்வரை சிரித்தார். எனக்கு எரிச்சல். ஆனால் அன்றைக்கு வந்த அத்தனை பேரும் முறுக்கைப் புகழ்ந்ததில் நான் நம்பியது அவள் சொன்னதை மட்டும்தான். அப்படி ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது எவ்வளவு நிம்மதி என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அவள் நல்லது என்றால் நல்லது. ஆராய வேண்டியதே இல்லை.

ஏன் இப்படி இருக்கிறாய் என்று ஒரு முறை கேட்டேன். பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு ஃபெரியில் திரும்பிக்கொண்டிருந்தோம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நிருபர் வேலையில் சேர்ந்த புதிதாம். சம்பான் படகில் மீன் பிடிக்கப் போன பையன் ஒருவன் திரும்பவில்லை என்று அவன் வீட்டுக்கு இவளை அனுப்பியிருக்கிறார்கள். பையனின் அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ பேப்பர்க்காரப் பொண்ணு, உனக்குத் தெரிஞ்சிருக்கும், என் புள்ள வந்துருவானா என்று கேட்டிருக்கிறார். பாவம், ஆறுதலாக இருக்கட்டும் என்று, கண்டிப்பா வந்துருவாரும்மா என்று சொல்லிவிட்டாள்.

“அந்நேரத்துக்கு பாடி கெடச்சிருச்சுக்கா. எனக்குத் தெரியாது. ஒரு போன் அடிச்சுக் கேட்டுட்டுப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும். அந்தம்மா துக்கத்துக்கு வந்தவங்கள எல்லாம் வெரட்டி விட்டுட்டாங்க. பேப்பர்லருந்தே வந்து சொல்லிட்டாங்க, எம் புள்ள வர்றான்னு. பந்தல் போட விடல. சாயங்காலம் பாடிய கொண்டாந்து எறக்குறாங்க. அவங்க பாடியப் பாக்கலக்கா. கூட்டத்துல என்னையத் தேடுனாங்க.”

அவளைத் திட்டுவதை அதோடு நான் குறைத்துக்கொண்டேன்.

இப்போது ஷாமினி கதைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

நோய்க்காலம் முடிந்து ஊர் திறந்த வருஷம் எங்களுக்குச் சேர்க்கை படுத்துவிட்டது. வேலைக்குப் போய்ப் பழகிய பிள்ளைகள் படிக்க வரவில்லை. போஸ் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: மாஸ் காமில் புதிதாகப் பத்துப் பேர் சேர்ந்தால் வகுப்பு நடக்கும், இல்லை என்றால் இனி அந்தப் படிப்பே கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் அடுத்த வருஷம் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றும் சொன்னார். அவளும் பக்கத்தில்தான் நின்றாள். நான் நாய் படாத பாடு பட்டு ஒன்பது பேரைத் தேற்றினேன். கடைசி வாரம் வந்துவிட்டது. ஓர் ஆள் குறைகிறது.

அந்த நேரத்தில்தான் சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஷாமினி எனக்கு வாட்சப் பண்ணினாள். மாஸ் காம் படிக்க ஆசை, அப்பா யோசிக்கிறார் என்று எழுதி, ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தாள். அவர்கள் வீடு இருக்கும் தாமான் குடியிருப்பில் மழைத்தண்ணீர் ஏறிய அன்றைக்கு எடுத்தது. முழங்கால் தண்ணீரில் குடையோடு நின்றுகொண்டு, சாமான்களை மேலே தூக்கி வைக்கும் சீனத்து அங்கிளிடம் மலாயில் கேட்கிறாள், அடுத்த வீட்டு அக்காவிடம் தமிழில் கேட்கிறாள், கடைசியில் வாய்க்காலை ஏன் யாரும் தூர்வாரவில்லை என்று தாமான் தலைவரை நிறுத்திக் கேட்கிறாள். அவர் பதில் சொல்லாமல் நகர, இவள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போகிறாள்.

மிஸ்ஸிடம் காட்டினேன். ஒரு முறை பார்த்தாள். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள்.

“கை நடுங்குது. கேள்வி நடுங்கல” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதே இல்லை. “இந்தப் பொண்ண எப்படியாச்சும் கூட்டிட்டு வாங்கக்கா. இவ ஒருத்தி இருந்தாப் போதும் எனக்கு.”

கூட்டிக்கொண்டு வந்தேன். அப்பாவும் மகளும் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். வருவதற்கு முன்னால் அவளைத் தனியாக இழுத்து வைத்துச் சொன்னேன்: “உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன். இன்னைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன். ஒன் வேலையும் இதுலதான் இருக்கு, பிள்ளைங்க படிப்பும் இதுலதான் இருக்கு.”

சரி என்று தலையாட்டினாள்.

ஷாமினியின் அப்பா பெக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அமைதியான மனிதர். சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மூத்த மகனை எங்கேயோ ஒரு டிப்ளோமா படிக்க வைத்து, அவன் இப்போது மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். அந்தச் சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை. நான் என் சரக்கை எல்லாம் எடுத்து விட்டேன். சின்ன வகுப்பு, ஒவ்வொரு பிள்ளைமேலும் தனிக் கவனம், பத்திரிகை, ரேடியோ, டிவி. ஷாமினி நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தில் பெயர், முகவரி எல்லாம் எழுதியாயிற்று. அப்பா பேனாவைக் கையில் எடுத்தார். மிஸ் மடியில் கையைக் கோத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஐயோ, இன்னும் அரை நிமிஷம்தான்.

“டீச்சர் ஒண்ணுமே பேசலயே?” என்று அவர் அவள் பக்கம் திரும்பினார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒங்க தங்கச்சியா இருந்தா இங்க சேத்து விடுவீங்களா?”

நான் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.

“மாட்டேன்ணே” என்றாள்.

“இந்தப் படிப்பு மூணு வருசம் இங்க இருக்குமான்னு எனக்கே தெரியல. பாதியில மூடிட்டாங்கன்னா பிள்ள நடுரோட்டுல நிக்கும். ஆனா ஷாமினி கண்டிப்பா இததான் படிக்கணும். வேற எடத்துல...”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பாதி வார்த்தை அவருடைய காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. “ரொம்ப நன்றிங்க டீச்சர். நல்ல வேள சொன்னீங்க. கடவுள் மாதிரி சொன்னீங்க” என்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார். ஷாமினி நகரவே இல்லை. அப்பா தோளைத் தொட்டபிறகுதான் எழுந்தாள். கதவுப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மிஸ் பின்னாலேயே ஓடினாள். லிஃப்ட் அன்றைக்கென்று ஒழுங்காக ஓடியது. கதவு மூடிக்கொண்டது.

நான் அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் கணக்கே இல்லை. மாஸ் காம் மூடியாயிற்று. மீதி ஒன்பது பேரையும் வணிக நிர்வாகத்தில் தள்ளிவிட்டோம். பழைய மாணவர்கள் முடிக்கும்வரை மட்டும் அவளுக்கு வேலை, அதற்குப் பிறகு இல்லை. முட்டை அட்டை அறையில் பழைய நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் அவளோடு நான் பேசவில்லை. எதிரில் வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு போவேன். அவளுக்கு அதில் வருத்தம் இருந்திருக்கும். ஆனால் செய்தது தப்பு என்று அவள் நினைக்கவில்லை. ஒரு பெண்ணைப் பள்ளத்தில் விழாமல் தடுத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பு அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது.

ஒரு நாள் மத்தியானம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். போனை நீட்டினாள்.

எந்த யூனியில் சேர்ந்தாய் என்று ஷாமினிக்கு வாட்சப் அனுப்பியிருக்கிறாள். அதற்குப் பதில்: ‘எங்கயும் சேரல மிஸ். டீச்சரே வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு அப்பா சொல்லிட்டாரு. அவர் பெக்டரியிலேயே ஆப்பரேட்டரா சேத்து விட்டுட்டாரு.’

“நான் இங்க வேணாம்னுதானே சொன்னேன்? படிக்கவே வேணாம்னு சொல்லலயே? நீங்க இருந்தீங்களே, சொல்லுங்கக்கா” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

என் கோபமெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது. கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

அடுத்த வாரமே தனியாக சிம்பாங் அம்பாட் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். ஷாமினியின் அப்பா மரியாதைக்குக் குறைவில்லாமல் உட்காரச் சொல்லி, மைலோ கலக்கிக் கொடுத்து, சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாராம். இவள் தலைநகர் கே.எல்.லில் நல்ல கல்லூரி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். படிப்புக் கடன் வாங்கலாம், ஹாஸ்டல் இருக்கிறது, நானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்றெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவர் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார்: முடித்தால் வேலை நிச்சயமா? இவளுக்குத்தான் தெரியுமே, நிச்சயமில்லை. இரண்டு தடவையும் அந்த இடத்தில் வாயடைத்துப்போய்த் திரும்பி வந்திருக்கிறாள். “நீங்கதானே டீச்சர் அன்னைக்கு உண்மையச் சொன்னீங்க. நீங்க சொன்னதத்தான் நான் செஞ்சிருக்கேன்” என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாராம்.

“அக்கா, நீங்க வாங்க” என்றாள் என்னிடம். “நீங்க பேசுனா நடக்கும்.”

“நான் என்னத்தப் பேச?”

“என்ன வேணும்னாலும். வேல நிச்சயம்னு சொல்லுங்க. நானும் ஆமான்னு சொல்றேன்.”

“நீயா?”

“நானும்தான்” என்றாள். “அந்தப் பிள்ள காலையில அஞ்சரைக்கு பெக்டரி வேன்ல ஏறுதுக்கா. ஒரு வாரம் காலைல, ஒரு வாரம் மத்தியானம். நான் போய்ப் பாத்தேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிளம்பினேன்.

என் காடியில்தான் போனோம். பினாங்குக் கடல் பாலம் ஏறி இறங்கும்வரை நான் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனேன். நான் கல்லூரியைப் பற்றிப் பேசுவேன், அவர் வேலையைப் பற்றிக் கேட்பார், அப்போது நீ, எனக்கு டிவி ஸ்டேஷனில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், முடித்ததும் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல வேண்டும். அவள் மெல்ல வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வீட்டு வாசலில் அண்ணனின் மோட்டார், பின்னால் டெலிவரிப் பெட்டி. உள்ளே ஷாமினியின் அம்மா மைலோ கொண்டுவந்து வைத்தார். அப்பா எதிரே உட்கார்ந்தார். அன்றைக்கு நான் பேசிய பேச்சு என் சர்வீஸிலேயே பேசாத பேச்சு. கல்லூரியின் பேரும் புகழும், அங்கே படித்த நம் பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதும், பாதிக் கட்டணச் சலுகையும், பெண்பிள்ளைகளுக்குத் தனி ஹாஸ்டலும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். இல்லாத ஒரு பெண்ணைக்கூட உண்டாக்கி, அவள் இப்போது கே.எல்.லில் வீடு வாங்கியிருக்கிறாள் என்றேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவும் தலையாட்டினார். கேட்பார் என்று எதிர்பார்த்ததைக் கேட்டார்.

“வேல நிச்சயங்களா?”

நான் மிஸ்ஸைப் பார்த்தேன்.

“நிச்சயம்ணே” என்றாள். “எனக்குத் தெரிஞ்சவங்க டிவி ஸ்டேஷன்ல இருக்காங்க. முடிச்ச ஒடனே எடுத்துக்குவாங்க.”

ஒரு வார்த்தை தவறவில்லை. குரல்கூட நடுங்கவில்லை.

அவர் மைலோ கப்பைக் கையில் எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார்.

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு மாட்டேன்னு சொன்னப்ப என் கண்ணப் பாத்துச் சொன்னீங்க. இன்னைக்கு என் காலப் பாத்துச் சொல்றீங்க.”

மிஸ் நிமிரவில்லை.

“எங்க வீட்டுக்கு வந்துபோற ஆளுங்க எல்லாரும் நல்லதாத்தான் பேசுவாங்க. என் மூத்தவன் காலேஜ்ல சேர்றப்பவும் இந்தக்கா மாதிரியே ஒருத்தவங்க வந்து நல்லாப் பேசுனாங்க. நீங்க ஒருத்தங்கதான் எங்கிட்ட உள்ளதச் சொன்னவங்க. அந்த மரியாதைய நான் வெச்சிருக்கேன். அதக் கெடுத்துக்காதீங்க டீச்சர்.”

அவரைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு இன்னொரு பிள்ளையும் தோற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அறைக் கதவு திறந்து ஷாமினி வந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் பெக்டரி அட்டை. அந்த வாரம் அவளுக்கு மத்தியான ஷிப்ட். எல்லாவற்றையும் உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே போனாள். வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மிஸ் எழுந்து பின்னாலேயே போனாள். நானும் போனேன். கேட் ஓரத்தில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள் அந்தப் பிள்ளை.

“ஷாமினி...” என்றாள் மிஸ்.

கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மிஸ்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மணி என்ன என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வேன் முனையில் திரும்பும்வரை மிஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காடியில் ஏறியவள் பெல்ட் போடவில்லை. அது டிங் டிங் என்று கத்திக்கொண்டே இருந்தது. நானே எட்டி இழுத்து மாட்டிவிட்டேன். அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிம்பாங் அம்பாட் சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்து நின்றபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“அக்கா.”

“என்னம்மா?”

“நான் நல்லாச் சொன்னேனா?”

விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் காடியை எடுக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் வந்தாக வேண்டும் என்பது போல.

“ரொம்ப நல்லாச் சொன்னம்மா” என்றேன்.

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.